லூயி சாம்பெரினியை உயிரோடு திருப்பி அனுப்பியது ஓட்டப் பயிற்சியா?

கேட்டவர் ஒரு கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். அமெரிக்க ஓட்டக்காரர் சாம்பெரினியைப் பற்றிய படத்தைப் பார்த்திருக்கிறார். "கல்லூரி ஓட்டக்காரர் ஒருவர் ஒலிம்பிக்கில் ஓடி, போருக்குப் போய், கடலில் 47 நாள் ரப்பர் மிதவையில் கிடந்து, ஜப்பானியர் கையில் இரண்டு வருடம் அடிவாங்கி, பதக்கங்களோடு திரும்பினார் என்கிறார்களே, இதில் எவ்வளவு உண்மை? பயிற்சிதான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று என் மாணவர்களிடம் சொல்லலாமா? போர் வராமல் இருந்திருந்தால் நான்கு நிமிட மைலை முதலில் ஓடியிருப்பாரா?" என்பது கேள்வி. முதல் பகுதிக்கு விடை எளிது. பெரும்பாலும் உண்மை, ஆவணமும் இருக்கிறது. மூன்றாவது கணக்கு விஷயம். இரண்டாவதில்தான் நின்று பேச வேண்டியிருக்கிறது. நடுத்தூர ஓட்டத்தைப் பல வருடம் நேரக்கடிகாரத்தோடு பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். மருத்துவப் பகுதியைப் பொதுவாகத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஓட்டம். சாம்பெரினி 1917-ல் நியூயார்க் மாநிலத்தின் ஓலியனில் பிறந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் டாரன்ஸில். அண்ணன் பீட் விரட்டி விரட்டி ஓடவைத்ததில், 1934-ல் பள்ளி மாணவராக மைலை 4 நிமிடம் 21.2 வினாடியில் முடித்தார். அப்போது அது அமெரிக்கப் பள்ளிச் சாதனை. அதைக் கொண்டே தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைத்தது. 1936-ல் 19 வயதில் நியூயார்க்கில் நடந்த தேர்வு ஓட்டத்தில் டான் லாஷுடன் சமநிலையில் முடித்து, 5000 மீட்டருக்கு பெர்லின் போனார்.

பெர்லினில் எட்டாவது இடம், 14 நிமிடம் 46.8 வினாடி. கடைசிச் சுற்றை 56 வினாடியில் ஓடினார் என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். ஒரு பயிற்சியாளர் கண்ணுக்கு அந்த எண் வேறொன்றையும் சொல்லும். மொத்தம் பன்னிரண்டரைச் சுற்று. கடைசிச் சுற்றைக் கழித்துவிட்டால் மீதி பதினொன்றரைச் சுற்றுக்கும் சராசரி 72.2 வினாடி வருகிறது. வென்ற ஃபின்லாந்துக்காரர் குன்னார் ஹெக்கெர்ட்டின் சராசரி 69 வினாடி. அதாவது சாம்பெரினி சுற்றுக்கு மூன்று வினாடி பின்தங்கிக்கொண்டே வந்து, தீர்க்காமல் வைத்திருந்த பலத்தை எல்லாம் கடைசி 400 மீட்டரில் கொட்டியிருக்கிறார். மைல்காரர் திடீரென்று 5000-க்கு மாறும்போது வழக்கமாக நடக்கும் தவறு இது. உடம்பில் இருக்கிறது, ஆனால் எப்போது எவ்வளவு செலவழிப்பது என்று தெரியாது. சுற்றுக்கு ஒரு வினாடி வேகமாகப் போயிருந்தாலும் 14:35 பக்கம் வந்திருப்பார். மூன்றாம் இடம் 14:29. பதக்கம் அப்போதும் இல்லை. அதே ஓட்டத்தில் நான்காவதாக வந்தவர் ஜப்பானின் கோஹெய் முரகோசோ.

1938-ல் கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் மைல் 4:08.3. அந்தக் கல்லூரிச் சாதனை பதினைந்து வருடம் நின்றது. அந்த ஓட்டத்தில் மற்றவர்கள் அவரை அடைத்து நின்று ஆணிச் செருப்பால் காலைக் கிழித்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். நெருக்கமான மைல் ஓட்டங்களில் அது நடக்கக்கூடியதுதான்.

இனி நான்கு நிமிடக் கேள்வி. 4:08.3 என்றால் சுற்றுக்கு 62 வினாடி. நான்கு நிமிடக்காரர் கோட்டைத் தொடும்போது அவர் ஏறக்குறைய 54 மீட்டர் பின்னால் இருப்பார். அப்போதைய உலக சாதனையே சிட்னி வூடர்சனின் 4:06.4 தான். அங்கிருந்து 4:01.4-க்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்வீடனின் குந்தர் ஹேக்கும் ஆர்னே ஆண்டர்சனும். இருவரும் போரில் கலந்துகொள்ளாத நாட்டில், நல்ல பாதையில், ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு 1942 முதல் 1945 வரை ஓடினார்கள். அப்படியும் நான்குக்குள் வரவில்லை. ரோஜர் பானிஸ்டர் 1954-ல் 3:59.4 ஓடியபோது அவருக்கு முன்னால் வேகம் வைத்துக்கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். அதற்குமுன் பல மாதம் பத்து முறை 440 கெஜம், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு என்ற பயிற்சியை 66 வினாடியிலிருந்து 59 வினாடிவரை இறக்கியிருந்தார்கள். 1930-களின் அமெரிக்கக் கல்லூரி ஓட்டக்காரர்கள் பொதுவாக அந்த மாதிரி பயிற்சி செய்யவில்லை. சாம்பெரினிக்கு 23 வயதில் வரவேண்டிய 1940 ஒலிம்பிக் ரத்தானது, 27 வயதில் வரவேண்டிய 1944-ம் ரத்தானது. மைல்காரனுக்கு உச்ச வயது அதுதான். ஸ்வீடனில் பிறந்திருந்தால் 4:03, 4:02 வரை போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். முதல் நான்கு நிமிடக்காரர் ஆகியிருப்பார் என்பது ஆசையில் சொல்வது.

போருக்கு வருவோம். 1941-ல் விமானப்படையில் சேர்ந்து, 1942 ஆகஸ்டில் குண்டு வீசும் அதிகாரியாகப் பதவி பெற்றார். பி-24 என்ற நான்கு எஞ்சின் விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து நார்டன் குறிபார்ப்புக் கருவியை இயக்குவது அவர் வேலை. 1943 ஏப்ரலில் நவ்ரு தீவின் பாஸ்பேட் ஆலைகளைத் தாக்கிவிட்டுத் திரும்பியபோது அவர்கள் விமானத்தில் 594 ஓட்டைகள் எண்ணப்பட்டன. காயம்பட்ட சகாக்களுக்கு முதலுதவி செய்தது அவர்தான். ஆனால் அவரைக் கடலில் தள்ளியது எதிரி குண்டு இல்லை. 1943 மே 27 அன்று காணாமல்போன வேறொரு விமானத்தைத் தேடப் போனார்கள். கொடுக்கப்பட்டதோ எல்லோரும் ஏறத் தயங்கிய ஒரு பழைய விமானம். இடது பக்கத்து வெளி எஞ்சின் நின்றது. நின்ற எஞ்சினின் விசிறி காற்றைத் தடுக்காமல் இருக்க அதன் இதழ்களை விளிம்பு முன்னால் வரும்படி திருப்பிவிட வேண்டும். பதற்றத்தில் எஞ்சின் பொறுப்பாளர், ஓடிக்கொண்டிருந்த உள் எஞ்சினுக்கான பொத்தானை அழுத்திவிட்டார். இடது பக்கம் இரண்டுமே போயின. பி-24-க்கு இறக்கை உடலின் உச்சியில் இருக்கிறது, வயிற்றில் தகடு போல மெல்லிய குண்டறைக் கதவுகள். தண்ணீரில் இறக்கினால் வயிறுதான் முதலில் மோதும், கதவு பிய்ந்து உடல் இரண்டாக முறியும். பதினொரு பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

சாம்பெரினி கம்பிகளில் சிக்கி விமானத்தோடு கீழே போனார், நினைவு தப்பியது. விழித்தபோது கட்டு எப்படியோ அவிழ்ந்திருந்தது. இருட்டில் தடவும்போது விரலில் இருந்த கல்லூரி மோதிரம் ஜன்னல் விளிம்பில் மாட்டியதால் வழி எங்கே என்று தெரிந்தது என்பது அவர் சொன்னது. அதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். நீச்சல் குளத்தின் அடியில் மூச்சடக்கிப் பழகியது இங்கே உதவியது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அவருக்கு நினைவே தப்பியிருந்தது. இந்தப் பத்தியில் எனக்குத் தெரிவது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

மிதவையில் மூன்று பேர்: சாம்பெரினி, விமானி ரஸல் ஆலன் ஃபிலிப்ஸ், வால் துப்பாக்கிக்காரர் ஃபிரான்சிஸ் மெக்நமாரா. கைவசம் இருந்தது சில சாக்லேட் கட்டிகள், அரை பைன்ட் தண்ணீர் டப்பாக்கள் சில, பித்தளைக் கண்ணாடி ஒன்று, வெளிச்சத் துப்பாக்கி, தூண்டில் முள், குறடு, ஒட்டுப்போடும் பெட்டி, கான்வாஸ் உறை போட்ட இரண்டு காற்றுப் பம்புகள். கத்தி இல்லை, வானொலி இல்லை. சாக்லேட்டைக் காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு என்று பங்கு போட்டிருந்தார்கள். முதல் இரவே மெக்நமாரா பயத்தில் முழுவதையும் தின்றுவிட்டார். படத்தில் இது பெரிய துரோகம் போலத் தெரியும். அந்த ராணுவ சாக்லேட் கட்டி ஒன்றுக்கு 600 கலோரி. சில கட்டிகளை மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றிரண்டு நாள் சாப்பாடு, அவ்வளவுதான். 47 நாளை அது தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தது தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகம் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்றாது, அதனால் குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்கும். மழையைத்தான் பிடிக்க வேண்டும். பம்பின் கான்வாஸ் உறையை விரித்துப் பிடித்தார்கள். அலை அடித்தால் பிடித்த மழைநீரிலும் உப்பு கலந்துவிடும், ஆகவே உறையில் கொஞ்சம் சேர்ந்ததுமே வாயால் உறிஞ்சி டப்பாவில் துப்பிச் சேமித்தார்கள். சிறிய தந்திரம், ஆனால் உயிர் அதில்தான் தொங்கியது. வந்து உட்கார்ந்த கடற்பறவைகளைக் கையால் பிடித்தார்கள். முதல் பறவையின் நாற்றம் தாங்காமல் அதைத் தூண்டில் இரையாக்கினார்கள், அடுத்ததைத் தின்றார்கள். சுறாவின் ஈரலும் கிடைத்தது.

27-வது நாள் ஒரு ஜப்பானிய விமானம் சுட்டதில், அவர்களிடம் இருந்த இரண்டு மிதவைகளில் ஒன்று போனது. மிஞ்சியதை ஒட்டியது எப்படி என்பது மாணவர்களுக்குச் சொல்லத்தக்கது. பெட்டியில் இருந்த உப்புத்தாள் தண்ணீர் பட்டு மணல் உதிர்ந்து வெறும் தாளாகியிருந்தது. ரப்பரைச் சொரசொரப்பாக்காமல் பசை பிடிக்காது. பித்தளைக் கண்ணாடியின் விளிம்பைக் குறடால் வெட்டிப் பல் பல்லாக்கி, ஓட்டையின் மேல் கான்வாஸைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நான்கு மூலைகளையும் மடித்து, அடியில் உள்ள ரப்பரை அதே கண்ணாடியால் சுரண்டிப் பசை தடவி, அலை வருவதற்குள் வெயிலில் காயவைத்தார். ஒருவர் ஒட்ட, ஒருவர் பம்பு அடிக்க, ஒருவர் துடுப்பால் சுறாவை விரட்ட, முறை வைத்து நாள்கணக்கில் நடந்தது. சாக்லேட்டைத் தின்ற மெக்நமாராதான் பாய்ந்த சுறாக்களைத் துடுப்பால் அடித்து மற்ற இருவரையும் காப்பாற்றினார். 33-வது நாள் அவர் இறந்தார்.

இது நம்பக்கூடியதா என்று கணக்குப் பார்க்கலாம். தூரம் சுமார் 3,200 கிலோமீட்டர் என்கிறார்கள். 47 நாளில் வகுத்தால் நாளுக்கு 68, மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேற்கு நோக்கி ஓடும் வடநிலநடுக்கோட்டு நீரோட்டமும் அதே திசையில் வீசும் வியாபாரக் காற்றும் சேர்ந்தால் லேசான ரப்பர் மிதவைக்கு அந்த வேகம் பொருந்துகிறது. பட்டினியும் பொருந்துகிறது: 1981-ல் வட அயர்லாந்துச் சிறையில் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்து உண்ணாவிரதம் இருந்தவர்கள் 46 முதல் 73 நாட்களில் இறந்தார்கள். மிதவையில் பறவையும் மீனும் கொஞ்சம் கிடைத்தன, நீர் போதவில்லை. 47 நாள் எல்லைக்குள் வருகிறது, ஆனால் எல்லையின் ஓரத்தில்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. பயிற்சி காப்பாற்றியதா? பட்டினிக்கு ஓட்டக்காரனின் உடம்பு நல்ல உடம்பு இல்லை. கொழுப்பு குறைவு. அசையாமல் கிடந்தாலும் நாளுக்கு 1,500 கலோரி என்று வைத்தால் 47 நாளுக்கு 70,000 கலோரி, ஒன்பது கிலோ கொழுப்புக்குச் சமம். மெலிந்த நடுத்தூர ஓட்டக்காரரிடம் எரிக்கக்கூடிய கொழுப்பு அவ்வளவு இருக்காது, தசை கரையும். மனவுறுதி என்று சொன்னால் மறுக்க மாட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் புத்தியைக் கூர்மையாக வைத்துக்கொண்டார்கள், சாம்பெரினி அம்மாவின் இத்தாலிய சமையலை ஒவ்வொரு பொருளாக, செய்முறையோடு சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஃபிலிப்ஸும் அதே 47 நாளைத் தாண்டினார், அவரும் போர் முடியும்வரை சிறையில் உயிரோடு இருந்தார். அவர் ஒலிம்பிக் பக்கம் போனவர் இல்லை. "பயிற்சியே காரணம்" என்ற வாதத்தை இடிக்க அந்த ஒரு ஆள் போதும்.

ஓட்டம் அவர் கதையை நிச்சயமாகத் திருப்பியது சிறையில்தான், அதுவும் காலால் இல்லை, பெயரால். மார்ஷல் தீவுகளில் பிடிபட்டு, குவாஜலீனில் அடைபட்டு, ஜப்பானின் ஒஃபுனா, ஓமோரி, நவோஎட்சு முகாம்களுக்கு மாற்றப்பட்டார். ஒஃபுனா பெயர்ப்பதிவே இல்லாத ரகசிய விசாரணை முகாம். அதனால் அமெரிக்க ராணுவம் 1944-ல் அவரை இறந்தவராக அறிவித்தது. அதே வருடம் நவம்பரில், இறந்ததாக அறிவிக்கப்பட்ட ஒலிம்பிக் வீரர் உயிரோடு இருக்கிறார் என்று உலகத்துக்குக் காட்ட டோக்கியோ வானொலியில் பேசவைத்தார்கள். அடுத்து அவர்கள் எழுதிக்கொடுத்ததைப் படிக்கச் சொன்னபோது மறுத்தார். ஓமோரியில் முட்சுஹிரோ வதனாபே என்ற காவலர் அவரைக் குறிவைத்து அடித்ததற்கும், ஒஃபுனாவில் பட்டினி உடம்போடு ஜப்பானிய ஓட்டக்காரருடன் ஓடவைக்கப்பட்டதற்கும் அந்தப் பெயர் ஒரு காரணம். குவாஜலீனில் கொல்லப்படாமல் விட்டதற்கும் புகழ்தான் காரணம் என்பார்கள். அங்கே எனக்குத் தயக்கம், ஃபிலிப்ஸையும் அவர்கள் கொல்லவில்லையே.

முகாமில் கொன்றது அடியைவிட அரிசியும் குளிரும். தீட்டிய வெள்ளை அரிசியில் பி1 சத்து போய்விடும், பெரிபெரி வரும்: கால் வீங்கும், இதயம் தளரும். சாம்பெரினிக்கும் வந்தது. நம் ஊர்ப் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் அரிது, நெல்லை அவிக்கும்போது சத்து மணிக்குள் இறங்கிவிடுவதால். ஜப்பானியப் போர்க்குற்றங்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தின் கணக்கில், ஜெர்மனியும் இத்தாலியும் பிடித்த அமெரிக்க, பிரிட்டிஷ் கைதிகளில் 4 சதவீதம் இறந்தார்கள், ஜப்பான் பிடித்தவர்களில் 27 சதவீதம். நவோஎட்சுவில் மட்டும் சுமார் 300 ஆஸ்திரேலியர்களில் 60 பேர். இந்தக் கணக்குகளில் எதிலும் சேராதவர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பதிவேடும் இல்லை, பதக்கமும் இல்லை.

பதக்கம் என்றதும் ஒரு தெளிவு. சாம்பெரினி பெற்றவற்றில் முக்கியமானவை பறக்கும்போது காட்டிய வீரத்துக்கோ சாதனைக்கோ தரும் சிறப்புப் பறத்தல் சிலுவை, எதிரியால் காயம்பட்டவர்களுக்கான ஊதா இதயம், போர்க்கைதிப் பதக்கம். கடைசிப் பதக்கத்துக்கான சட்டமே 1985-ல்தான் வந்தது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான கௌரவப் பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. சமூக ஊடகங்களில் சுற்றும் சில படங்களுக்கு அடியில் அப்படிப் போட்டிருக்கிறார்கள், தவறு.

நிச்சயமானதையும் அவர் வாய்மொழியையும் பிரிக்க வேண்டுமானால்: ஓட்ட நேரங்கள், நவ்ரு தாக்குதல், விபத்து, முகாம்கள், வானொலிப் பேச்சு, வதனாபே பெயர் போர்க்குற்றவாளிகள் பட்டியலில் இருந்தது, இவை உறுதி. மிதவையின் அன்றாட விவரங்கள் இரண்டு பேர் நினைவை நம்பியவை. இருவர் சொல்வதும் பெரிய அளவில் ஒத்துப்போகிறது. பெர்லினில் ஹிட்லர் கைகுலுக்கியது, நாஜிக் கொடியைத் திருடியபோது காவலர் சுட்டது போன்றவை அவர் மேடைகளில் பல பத்து வருடம் சொன்ன கதைகள். பல முறை சொன்ன கதைக்கு விளிம்பு மழுங்கி மெருகு ஏறும். பொய் என்று சொல்லவில்லை, நேரக்கடிகாரத்தோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

திரும்பி வந்த பிறகுதான் படங்கள் அவசரமாக ஓடிவிடுகின்றன. 1948 லண்டனை நினைத்து மறுபடி பயிற்சியைத் தொடங்கினார். நவோஎட்சுவில் விழுந்து கெட்டுப்போன இடது கால் தாங்கவில்லை, ஓட்டம் அங்கே முடிந்தது. இரவில் கெட்ட கனவு, பகலில் குடி. ஒருமுறை வதனாபேயின் கழுத்தை நெரிப்பதாகக் கனவு கண்டு விழித்தபோது கைகள் மனைவியின் கழுத்தில் இருந்தன. போர் மனக்காயத்தை ஒரு நோயாக அமெரிக்க மருத்துவம் பெயரிட்டதே 1980-ல். 1949-ல் கிறிஸ்தவப் பிரசங்கியார் பில்லி கிரஹாமின் லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்துக்குப் பிறகு கனவுகள் நின்றன என்று அவர் சொன்னார். அடுத்த வருடம் போர்க்குற்றவாளிகளை அடைத்திருந்த டோக்கியோவின் சுகாமோ சிறைக்குப் போய் முன்னாள் காவலர்களைச் சந்தித்தார். வதனாபே அங்கே இல்லை. தலைமறைவாக இருந்து, வழக்கு கைவிடப்பட்ட பின் வெளியே வந்து, 2003-ல் இறந்தார். 1998-ல் நாகனோ குளிர்கால ஒலிம்பிக் ஜோதியோடு சாம்பெரினி, 81 வயது நிறையச் சில நாள் இருக்கும்போது, பழைய முகாம் இருந்த அதே ஊரில் ஓடினார். அப்போதும் வதனாபே சந்திக்க மறுத்துவிட்டார். சாம்பெரினி இறந்தது 2014 ஜூலை 2, வயது 97.

மாணவர்களுக்குச் சொல்லும்போது பெர்லின் ஓட்டத்தைக் கரும்பலகையில் போடுங்கள், 72.2-ம் 56-ம். அது முழுக்க முழுக்க ஓட்டப் பாடம். கடல் பகுதிக்கு வரும்போது மூன்று பெயர்களையும் சொல்லுங்கள். ஃபிலிப்ஸ் ஊர் திரும்பி, இந்தியானாவின் லா போர்ட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து 1998-ல் இறந்தார்.